மேலே வந்த பிறகு

1968-ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஐசே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். நீர்மூழ்கி வீரர்களின் மனைவியரைப் பற்றியது அது. கணவர் மாதக்கணக்கில் கடலுக்கடியில் இருக்க, கரையில் தனியே குடும்பத்தை நடத்திய பெண்கள் பலர் மனச்சோர்வோடு சிகிச்சைக்கு வந்தார்கள். பிரிவுத் துயரம், வேறென்ன என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவர்கள் வந்த நேரம்தான் ஐசேயை யோசிக்க வைத்தது. கணவர் கிளம்பிப் போன வாரத்தில் அவர்கள் வரவில்லை. அவர் திரும்பி வரும் நாட்களை ஒட்டித்தான் மனம் உடைந்து வந்தார்கள்.

தனியே விட்டுப் போனதற்கான கோபம் இத்தனை நாள் உள்ளுக்குள் அடங்கிக் கிடக்கிறது, அவர் வந்து நிற்கும்போது அது சோர்வாக மாறி வெளிப்படுகிறது என்று ஐசே விளக்கினார். அந்தக் காலத்து மனப்பகுப்பாய்வின் சாயல் படிந்த விளக்கம் அது. தவறென்று தள்ளிவிட முடியாது, ஆனால் பாதிதான். மறுபாதியைத் தேட வேண்டிய இடம் கப்பலின் உட்புறம். கணவன் என்ற மனிதனின் பொழுதையும் காற்றையும் கண்ணையும் தூக்கத்தையும் அது என்ன செய்து அனுப்புகிறது என்று பார்த்தால்தான், வீட்டு வாசலில் நிற்பவரையும் கதவைத் திறப்பவரையும் புரிந்துகொள்ள முடியும்.

அமெரிக்காவின் ஒஹையோ வகை நீர்மூழ்கிகளை எடுத்துக்கொள்வோம். நீளம் 170 மீட்டர். உள்ளே 150 பேருக்கு மேல். அணு ஏவுகணைகளைச் சுமந்துகொண்டு யார் கண்ணிலும் படாமல் கடலில் கிடப்பதுதான் வேலை. ஒரு ரோந்து என்பது ஏறக்குறைய இரண்டரை மாதம். ஒவ்வொரு கப்பலுக்கும் நீலக்குழு, தங்கக்குழு என இரண்டு குழுக்கள் உண்டு. ஒரு குழு கரையேறும், கப்பலைப் பழுதுபார்ப்பார்கள், அடுத்த குழு ஏறிப் போகும். கப்பலுக்கு ஓய்வு தேவையில்லை, மனிதர்களுக்குத்தான் தேவை என்பதை ஒத்துக்கொண்ட ஏற்பாடு இது.

உண்மையில் அணுசக்தி வந்த பிறகு கப்பலின் பக்கம் வரம்பே இல்லாமல் போய்விட்டது. உலை ஆண்டுக்கணக்கில் எரியும். கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீர் எடுக்கலாம். அந்தத் தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்திப் பிரித்தால் ஆக்சிஜன் கிடைக்கும். தீர்ந்துபோவது சாப்பாடு ஒன்றுதான். கிளம்பும்போது நடைபாதையிலேயே டப்பாக்களை அடுக்கி, அவற்றின்மேல் நடந்து திரிந்து, தின்னத் தின்னத் தரை தாழ்ந்துவருவதை அனுபவித்த மாலுமிகள் உண்டு. பச்சைக் காய்கறி முதல் சில வாரங்களோடு சரி. 1960-இல் யு.எஸ்.எஸ். டிரைட்டன் நீருக்கடியிலேயே உலகைச் சுற்றிவந்தபோது பெஞ்சமின் வேப்ரூ என்ற உளவியலாளரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இயந்திரம் தாங்கும் என்பது தெரிந்துவிட்டது, மனிதன் எத்தனை நாள் தாங்குவான் என்பதுதான் அப்போதைய கேள்வி. 1982-83-இல் ஃபாக்லாந்துத் தீவுகளை ஒட்டிய கடலில் பிரிட்டனின் எச்.எம்.எஸ். வார்ஸ்பைட் 111 நாள் மூழ்கியே கிடந்தது. அண்மைக் காலத்தில் பிரிட்டனின் ஏவுகணை நீர்மூழ்கிகள் சில ஐந்து மாதங்களைத் தாண்டிவிட்டுத்தான் திரும்புகின்றன.

இத்தனை மாதமும் அவர்கள் வீட்டோடு பேச முடியாது. கட்டுப்பாடு ஒரு காரணம், இயற்பியல் இன்னொரு காரணம்.

உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே வழக்கமான ரேடியோ அலைகளை மேற்பரப்பிலேயே அது விழுங்கிவிடுகிறது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலைகள், அதாவது நொடிக்கு 3,000 முதல் 30,000 அதிர்வுகள் கொண்டவை, சில பத்து மீட்டர் ஆழம் வரை இறங்கும். அந்த அலைகளின் நீளம் கிலோமீட்டர் கணக்கில் இருப்பதால், அவற்றை அனுப்ப மலைபோன்ற ஆன்டெனா வேண்டும். அப்படி ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், 1990-இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை நிலையத்தின் கோபுரங்கள் 400 மீட்டரையும் தாண்டி உயர்ந்து நிற்கின்றன. காற்றாலைகளுக்கு நடுவே பேருந்தில் கடந்துபோகிறவர்கள் பலருக்கு, அந்தக் கோபுரங்கள் ஆழ்கடலில் கிடக்கும் நீர்மூழ்கிகளோடு பேசுகின்றன என்பது தெரியாது. இவ்வளவு பெரிய ஆன்டெனாவைக் கப்பலில் கட்டிக்கொண்டு போக முடியாது. அதனால் கரை பேசும், கப்பல் கேட்கும், அவ்வளவுதான். வேறு வழியில் பதில் சொல்ல முயன்றால் கப்பல் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். ஒளிந்திருப்பதே தொழிலாகக் கொண்டவர்கள் வாய் திறப்பதில்லை.

அந்த அலைகள் சுமக்கும் செய்தியின் அளவும் மிகக் குறைவு. ஒளிப்படம், குரல், வீடியோ எதுவும் போகாது. எழுத்துகள் மட்டும், அதுவும் மெதுவாக. இந்த நெருக்கடிக்குள்தான் குடும்பச் செய்திக்கு ஓர் இடம் ஒதுக்குகிறார்கள். பிரான்ஸில் வீட்டார் வாரத்துக்கு 40 சொல் அனுப்பலாம். பிரிட்டனில் வாரத்துக்கு 120 சொல். குழந்தைக்குப் பல் முளைத்தது, மாமாவுக்கு வேலை கிடைத்தது, வீட்டுக் குழாய் சரியாகிவிட்டது. அனுப்பும் முன் அதிகாரிகள் படிப்பார்கள். பதில் வராது. தான் எழுதியதைப் படித்து அவர் சிரித்தாரா என்று மனைவிக்குத் தெரிய, அவர் திரும்பி வர வேண்டும்.

துக்கச் செய்தி அதில் போகாது. தகப்பனார் இறந்துவிட்டாலும், ரோந்து முடிந்து கரை சேரும் வரை அந்தச் செய்தியைக் கப்பல் தலைமை தன்னிடமே வைத்துக்கொள்ளும் வழக்கம் ஏவுகணை நீர்மூழ்கிகளில் நெடுங்காலமாக உண்டு. இது கொடுமையாகப் படலாம். ஆனால் அறிந்துகொண்டாலும் அந்த மனிதரால் ஒன்றும் செய்ய முடியாது. கப்பல் மேலே வராது, விமானம் வந்து ஏற்றிக்கொண்டு போகாது, போனில் அழக்கூட வழியில்லை. ஒரு குறுகிய படுக்கையில் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதுவிட்டு, ஆறு மணி நேரம் கழித்து உலைக் கட்டுப்பாட்டுப் பலகையின் முன் உட்கார வேண்டும். இதைத் தெரிந்தே வீட்டிலுள்ளவர்களும் எழுதுகிறார்கள். மாதக்கணக்கில் நல்ல செய்தியை மட்டும் எழுதிப் பழகியவர்களுக்கு, அவர் வந்து உட்கார்ந்ததும் மறைத்து வைத்ததையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிவதில்லை. முதல் நாள் இரவே சொல்வதா, ஒரு வாரம் பொறுப்பதா? அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டுதான் மனைவி கதவைத் திறக்கிறார்.

அடுத்தது பொழுது.

நீர்மூழ்கிக்கு ஜன்னல் கிடையாது. சூரியன் எழுவதும் விழுவதும் விளக்குச் சுவிட்சுகளில்தான். அமெரிக்க நீர்மூழ்கிகள் 1960-கள் தொட்டு அரை நூற்றாண்டு காலம் ஒரு நாளை 18 மணி நேரமாகவே வைத்திருந்தன. 6 மணி நேரம் பணி, அடுத்த 12 மணி நேரத்தில் படிப்பு, பராமரிப்பு வேலை, சாப்பாடு, தூக்கம். பிறகு மறுபடி பணி. கரையில் மூன்று நாள் கழிவதற்குள் கப்பலில் நான்கு நாள் கழிந்துவிடும். இன்று காலையில் எழுந்தவர் அடுத்த முறை நள்ளிரவில் எழுவார், அதற்கடுத்து மாலையில். எதிரிக் கப்பல்களை வேட்டையாடும் தாக்குதல் நீர்மூழ்கிகளில் இடநெருக்கடி இன்னும் மோசம். மூன்று பேருக்கு இரண்டு படுக்கை. ஒருவர் எழுந்து போன சூட்டில் அடுத்தவர் படுப்பார். விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுராவுக்குள் நடந்து பார்த்தவர்களுக்கு அந்தப் படுக்கைகளின் அகலம் நினைவிருக்கும்.

இந்த 18 மணி நேர நாளுக்கு மனித உடல் பழகிக்கொள்ளுமா? பழகாது என்பதற்கான அறிகுறி வெகு காலத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. தூக்க ஆராய்ச்சியின் முன்னோடி நத்தேனியல் கிளைட்மன் 1938-இல் கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைக்குள் ஒரு மாணவரோடு ஒரு மாதம் தங்கி, 28 மணி நேர நாளுக்கு மாற முயன்றார். மாணவர் ஓரளவு மாறினார், கிளைட்மனின் உடல் வெப்பநிலை 24 மணி நேரத் தாளத்தை விட்டு நகரவே இல்லை. பின்னாளில் அவரே நீர்மூழ்கி மாலுமிகளின் பணிநேரத்தையும் ஆராய்ந்தார். 1962-இல் மிஷெல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் கடிகாரமே இல்லாமல் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் இரண்டு மாதம் இருந்தார். செப்டம்பர் 14 அன்று அவரை வெளியே அழைத்தபோது, அவர் கணக்கில் அது ஆகஸ்ட் 20. உடலுக்குள் இருக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாட்களை எண்ணும் மனம்தான் தடுமாறிப்போகிறது.

நீர்மூழ்கி வீரர்களிடமே நேராக அளந்து பார்த்த ஆய்வு 1999-இல் வெளியானது. இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன், ரோந்தின்போது எந்தெந்த நேரத்தில் ஏறி இறங்குகிறது என்று பார்த்தார்கள். 18 மணி நேரத்துக்கு அது மாறவில்லை. சூரியன் இல்லாததால் 24 மணி நேரத்திலும் நிற்கவில்லை. ஏறக்குறைய 24 மணி 20 நிமிடச் சுற்றில், தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு 20 நிமிடம் பின்தங்கும் சுவர்க்கடிகாரத்தைப் போல. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 70 நாளில் 1,400 நிமிடம், அதாவது 23 மணி நேரத்துக்கு மேல். ரோந்து முடிவதற்குள் அவருடைய உள்ளிரவு, கரையின் பகலையும் மாலையையும் நள்ளிரவையும் ஒவ்வொன்றாகத் தொட்டு ஏறக்குறைய ஒரு முழு வட்டம் அடித்திருக்கும். இந்த வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே கரையிறங்கும் 150 பேரும் ஒரே விமானத்தில் வந்த பயணிகளைப் போலத் தடுமாறுவதில்லை. ஒருவருக்கு மாலை ஐந்து மணிக்கே கண் சொருகும், இன்னொருவர் அதிகாலை மூன்று மணிக்குச் சமையலறையில் விளக்கைப் போடுவார். வந்தவர் தன்னோடு உட்கார்ந்து பேசாமல் தூங்கிவிட்டார் என்று மனைவி மனம் வாடும்போது, அந்த உடலுக்கு அது நடுநிசி என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

2014-இல் யு.எஸ்.எஸ். ஸ்கிரான்டன் என்ற நீர்மூழ்கி 24 மணி நேர நாளை வைத்து நீண்ட பயணம் ஒன்றை முடித்துக் காட்டியது. 8 மணி நேரம் பணி, 16 மணி நேரம் இதர வேலைகளும் ஓய்வும். தினமும் அதே நேரத்தில் தூக்கம். அதன் பிறகு மற்ற கப்பல்களும் மாறத் தொடங்கின. சான்று கையில் கிடைத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்து வந்த மாற்றம் அது.

காற்றுக்கும் ஒரு கதை உண்டு. வெளியே நாம் சுவாசிக்கும் காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்கு அளவில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. 2007-இல் வெளியான அமெரிக்க தேசிய ஆய்வுக் கழக அறிக்கையின்படி, ஏவுகணை நீர்மூழ்கிகளில் சராசரி 3,500 பங்கு, தாக்குதல் நீர்மூழ்கிகளில் 4,100 பங்கு. சில சமயம் 10,000-ஐயும் தாண்டியிருக்கிறது. அலுவலக அறைகளில் இதைவிடக் குறைந்த அளவே முடிவெடுக்கும் திறனைப் பாதிக்கிறது என்று சில ஆய்வுகள் சொன்னபோது, நீர்மூழ்கி மருத்துவர்களுக்குக் கவலை பிறந்தது. 36 நீர்மூழ்கி வீரர்களை வைத்து 15,000 பங்கு வரை உயர்த்திச் சோதித்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. குறுகிய நேரச் சோதனை அது. முடிவெடுக்கும் திறனில் குறைவு தென்படவில்லை. பழகிய உடலா, பயிற்சியா, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்களா என்ற விவாதம் தனி.

வீட்டுக்கு வந்து சேர்வது வேறொன்று: வாடை. கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச அமீன் வகைத் திரவம் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதன் நெடி, எண்ணெய், சமையல் புகை, 150 பேரின் வியர்வை எல்லாம் சேர்ந்து துணியின் இழையில் தங்கிவிடும். கப்பலில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. கரையில் கட்டிப்பிடிப்பவர்களுக்கு முதல் நொடியிலேயே தெரியும். பையை வீட்டுக்குள் கொண்டுவராமல் நேரே துவைக்கப் போடச் சொல்லும் குடும்பங்கள் எல்லா நாட்டுத் தளங்களிலும் இருக்கின்றன.

கண்ணும் மாறுகிறது. மாதக்கணக்கில் மிகத் தொலைவான காட்சி என்பது நடைபாதையின் மறுமுனை. 1970-களில் அமெரிக்க நீர்மூழ்கி மருத்துவ ஆய்வகம் நீர்மூழ்கி வீரர்களின் பார்வையைக் கரையில் பணியாற்றிய வீரர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, கிட்டப்பார்வை கூடுவதையும் இரு கண்களும் உட்புறம் சாயும் போக்கையும் பதிவு செய்தது. திரும்பிய அன்றே கார் ஓட்ட வேண்டாம் என்று மூத்தவர்கள் இளையவர்களிடம் சொல்வதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது. எதிரே வரும் லாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்கும் பழக்கமே அத்தனை நாள் வேலையில்லாமல் கிடந்திருக்கிறது. வெயில் படாத தோலில் வைட்டமின் டி சுரப்பதில்லை. நாளொன்றுக்கு 400 அலகு மாத்திரை கொடுத்துப் பார்த்தபோதும் ரோந்து முடிவில் அளவு இறங்கியே இருந்தது. தொற்றுநோயிலும் ஒரு வேடிக்கையான வளைவு உண்டு. முதல் ஓரிரு வாரம் கப்பல் முழுக்கச் சளி பரவும். எல்லோருக்கும் வந்து போனதும், புதுக் கிருமி நுழைய வழியில்லாததால் அடங்கிவிடும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் நுழைந்த சில நாளில் மூக்கு ஒழுக ஆரம்பிக்கும்.

ஓசை இன்னும் நுட்பமான விஷயம். காற்றோட்ட விசிறிகளின் இரைச்சல் கப்பலில் எப்போதும் இருக்கும். அது நின்றால் ஏதோ கோளாறு என்று பொருள். எனவே தூங்குகிறவர்கள் சத்தம் கேட்டு விழிப்பதில்லை, சத்தம் நின்றால் விழிக்கிறார்கள். அமைதியான படுக்கையறையில் அந்த உடல் ஆபத்தைக் கேட்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களில் சரியாகிவிடும். காலை வெயிலில் நடந்தால் உடல் கடிகாரம் நாளுக்கு ஒரு மணி நேரம் அளவில் நகர்ந்து இடத்துக்கு வரும். வைட்டமின் ஏறும். கண் பழகும். கடினமானது, அந்த உலோகக் கூட்டுக்குள் மனிதர் எப்படி வாழப் பழகிவிட்டார் என்பது.

அங்கே அவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. என்ன உடுப்பது, எப்போது சாப்பிடுவது, யாரோடு பேசுவது எல்லாம் முன்பே தீர்மானமானவை. பணம் கையில் எடுப்பதில்லை. அந்நியர் ஒருவரையும் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் எல்லோருடைய திறமையும் பலவீனமும் தெரியும். எந்த வால்வு எங்கே இருக்கிறது, தீப்பிடித்தால் யார் எதைச் செய்வார் என்று இருட்டிலும் சொல்ல வேண்டும். அதைச் சோதித்துத் தேறிய பிறகுதான் நீர்மூழ்கி வீரர் என்பதற்கான டால்ஃபின் சின்னம் கிடைக்கும். சொன்ன கட்டளையை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்வது வழக்கம், தவறுக்கு இடமே கிடையாது. இந்த ஒழுங்கு அவர்களை உயிரோடு வைத்திருக்கிறது. அதனால் அதை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வருவது எளிதல்ல. சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு வரிசைக்கு முன் நின்று எதை எடுப்பது என்று தெரியாமல் திகைக்கிறார்கள். பிள்ளை சொன்னதைச் செய்யாமல் எதிர்க்கேள்வி கேட்டால், கட்டளை மீறப்பட்டதைப் போலத் துணுக்குறுகிறார்கள்.

கதவுக்கு இந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும்? கேத்லீன் வெஸ்டல் லோகன் 1987-இல் அமெரிக்கக் கடற்படைக் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரை இதற்கு இன்றுவரை பயன்படும் வரைபடம் ஒன்றைத் தந்தது. கடற்படை மனைவியர் பிரிவின் முன்னும் பின்னும் ஏழு கட்டங்களைக் கடக்கிறார்கள் என்றார் அவர். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே துக்கம் தொடங்குகிறது. கிளம்பும் நாள் நெருங்கும்போது, பிரிவைத் தாங்க மனம் தானாகவே விலகிக்கொள்கிறது, அற்பக் காரணத்துக்குச் சண்டை வருகிறது. போன பிறகு குழப்பம். பிறகு ஒரு நாள் வீடு மறுபடி ஓடத் தொடங்குகிறது. திரும்பும் நாளை எண்ணும் பரபரப்பு அதன் பின் வருகிறது. ஆறாவது கட்டம்தான் முக்கியமானது: கணவனும் மனைவியும் திருமண ஒப்பந்தத்தையே மறுபடி பேசி முடிக்க வேண்டியிருக்கிறது. ஏழாவதாக எல்லாம் கூடிவர, திரும்பிய பின் நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும் என்பது அவருடைய மதிப்பீடு.

வீடு மறுபடி ஓடத் தொடங்கும் அந்த நான்காவது கட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கார் மக்கர் செய்தது, அவள் மெக்கானிக்கைத் தேடிப் பிடித்தாள். மகனுக்குக் காய்ச்சல், நள்ளிரவில் மருத்துவமனைக்கு அவளே ஓட்டிப் போனாள். வங்கி, வாடகை, பள்ளிக் கூட்டம் எல்லாவற்றையும் தன் பாணியில் வரிசைப்படுத்திக்கொண்டாள். செய்ய முடியும் என்று தெரிந்தது, செய்யப் பிடித்தும் போயிற்று. இந்த நிலையில் ஒருவர் வந்து இறங்கி, கணக்குப் புத்தகத்தைக் கேட்கிறார், அலமாரியை மாற்றி அடுக்குகிறார், பிள்ளைகளின் படுக்கை நேரத்தைத் திருத்துகிறார். அவர் உதவத்தான் நினைக்கிறார். அவளுக்கு அது தான் கட்டிய ஒன்றைப் பிடுங்குவதாகப் படுகிறது. ஐசேயிடம் வந்த பெண்களின் சோர்வில் கோபம் மட்டும் இல்லை. தான் வளர்த்துக்கொண்ட ஓர் ஆளுமையைக் கணவர் வந்த நாளில் சுருட்டி வைக்க வேண்டியிருந்த இழப்பும் அதில் இருந்திருக்கும். 1968-இன் அமெரிக்காவில் அதை இழப்பு என்று சொல்ல அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

வளைகுடாவுக்கோ வணிகக் கப்பலுக்கோ ஆண்களை அனுப்பிய இராமநாதபுரம், தூத்துக்குடி வீடுகளுக்கு இந்த உரசல் நன்றாகவே தெரியும். இன்று அங்கே வீடியோ அழைப்பு பாதித் தூரத்தைக் குறைத்துவிடுகிறது. குழந்தை முதல் அடி வைப்பதை அப்பா துபாயிலிருந்து பார்க்கிறார். நீர்மூழ்கியில் அது இல்லை. எட்டு மாதக் குழந்தையை விட்டுப் போனவர் திரும்பும்போது, அது நடக்கத் தொடங்கியிருக்கும், அவரைக் கண்டதும் அம்மாவின் தோளில் முகம் புதைக்கும். அந்த வயதில் அறிமுகமில்லாத முகத்துக்கு அஞ்சுவது இயல்பான வளர்ச்சி. அந்த அறிவு அவருடைய வலியைக் குறைப்பதில்லை, ஆனால் குழந்தையை வலுக்கட்டாயமாகத் தூக்காமல், தரையில் உட்கார்ந்து அதுவாக வரும்வரை காத்திருக்கச் செய்யும்.

உளவியலாளர் பாலின் பாஸ் 1970-களில், வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்தார். உடலால் இல்லாமல் மனத்தால் இருக்கும் ஒருவரை வீட்டுக்குள் எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் அந்தக் குடும்பங்கள் தவிப்பதை அவர் கண்டார். குடும்பத்தின் எல்லைக்கோடு எங்கே என்பதே தெளிவில்லாமல் போகிறது. நீர்மூழ்கிக் குடும்பம் இதே தவிப்பை ஆண்டுக்கு இருமுறை சிறிய அளவில் அனுபவிக்கிறது. அவர் கடலில் இருக்கும்போது உடலால் இல்லை. வந்த முதல் வாரம் உடலால் இருக்கிறார், மனம் இன்னும் கப்பலில். தன் படுக்கையில் வேறொருவர் படுத்திருப்பார், சோனார் அறையில் இப்போது யார் இருப்பார் என்று நினைவு ஓடிக்கொண்டிருக்கும். என்ன செய்தீர்கள், எங்கே போனீர்கள் என்று கேட்டால் சொல்லவும் முடியாது. எங்கே இருந்தோம் என்பது கப்பலிலேயே சிலருக்குத்தான் தெரிந்திருக்கும்.

குடும்பம் குறித்த இந்த ஆய்வுகள் எல்லாம் மனைவியரைப் பற்றியவை என்பதையும் சொல்ல வேண்டும். நார்வே 1985-லேயே பெண்களை நீர்மூழ்கியில் சேர்த்தது. 1995-இல் சோல்வெய்க் கிரே ஒரு நீர்மூழ்கியின் தலைமையை ஏற்ற முதல் பெண் ஆனார். அமெரிக்க நீர்மூழ்கிகளில் 2011 முதல் பெண்கள் இருக்கிறார்கள். 2014-இல் பிரிட்டனின் முதல் மூவர் டால்ஃபின் சின்னம் பெற்றார்கள். அம்மா கடலுக்கடியில் இருக்க, வீட்டை நடத்தும் அப்பாவின் ஏழு கட்டங்களும் அதே அக்கறையோடு எழுதப்பட வேண்டியவை.

பெரிய போர்க்கப்பல்களில் திரும்பும் பயணத்தின் கடைசி நாட்களில் குடும்ப ஆலோசகர்கள் ஏறி, கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் புதிதாக மணமானவர்களுக்கும் வகுப்பு எடுப்பதுண்டு. ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் தரைப்படையினரை வீட்டுக்கு அனுப்பும் முன் சைப்ரஸ் தீவில் ஓரிரு நாள் இறக்கி, கடலில் குளிக்கவும் தோழர்களோடு பேசித் தீர்க்கவும் விட்டார்கள். மறைந்தே இருக்க வேண்டிய நீர்மூழ்கியில் இதற்கெல்லாம் இடமில்லை. நேற்று வரை ஆழத்தில், இன்று மதியம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அனுபவப்பட்ட குடும்பங்கள் தாமாகவே சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டிருக்கின்றன. முதல் வாரத்தில் உறவினரைக் கூட்டுவதில்லை. வரவுசெலவுப் பொறுப்பை உடனே மாற்றுவதில்லை. பிள்ளைகளைக் கண்டிக்கும் வேலையைச் சில நாள் அம்மாவிடமே விட்டுவிடுகிறார்கள். சிறிய ஏற்பாடுகள்தாம், ஆனால் மேலே சொன்ன அறிவியல் முழுவதும் அவற்றுக்குள் இருக்கிறது.

இந்தியாவில் 1967 டிசம்பர் 8 அன்று ஐ.என்.எஸ். கல்வரி சேர்ந்ததிலிருந்து நீர்மூழ்கிப் படை தொடங்குகிறது. 2018-இல் அணுசக்தி நீர்மூழ்கி ஐ.என்.எஸ். அரிஹந்த் தன் முதல் அணு ஆயுதத் தடுப்பு ரோந்தை முடித்துத் திரும்பியதாக அறிவிக்கப்பட்டது, 2024-இல் ஐ.என்.எஸ். அரிகாத் சேர்ந்தது. டீசல் நீர்மூழ்கிகள் மின்கலங்களை நிரப்ப அடிக்கடி மேற்பரப்பை ஒட்டி வந்தாக வேண்டும். அணுசக்தி நீர்மூழ்கிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீண்ட மௌனத்துக்கும் அதன் பிறகான திரும்புதலுக்கும் இனிப் பழக வேண்டிய குடும்பங்கள் இங்கேயும் பெருகும்.

பிரிவின் நீளம் இயற்கை விதித்தது அல்ல என்பதைப் பிரிட்டனின் அனுபவம் தெளிவாகவே காட்டுகிறது. 1969 முதல் ஒரு நாள்கூட இடைவெளியின்றி ஏதாவதொரு ஏவுகணை நீர்மூழ்கி கடலில் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டின் கொள்கை. இப்போது அதற்கு இருப்பவை நான்கு வான்கார்ட் வகைக் கப்பல்கள். அவற்றில் எச்.எம்.எஸ். வான்கார்ட் 2015 இறுதியில் பெரும்பராமரிப்புக்குப் போனது. மூன்று ஆண்டுகளில் முடியும் என்றார்கள், 2023-இல்தான் மறுபடி கடலைத் தொட்டது. அத்தனை ஆண்டும் மிச்சமிருந்த மூன்று கப்பல்கள் அந்தச் சங்கிலியை அறுபடாமல் இழுத்தன. ஒரு கப்பல் துறையில் தாமதமானால் இன்னொன்று கடலில் கூடுதலாகக் கிடக்க வேண்டும், மூன்று மாதம் ஐந்து மாதமாகும். பட்டறையில் நேர்ந்த தாமதம் ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேன் தளத்து வீடுகளில் ஒரு பிறந்தநாளாகவும் ஒரு பிரசவமாகவும் கழிந்தது. அடுத்து வரும் டிரெட்நாட் வகைக் கப்பல்களில் பகலையும் இரவையும் போல மாறும் விளக்கு அமைப்பு இருக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். உடல் கடிகாரத்துக்கு அது நல்ல செய்தி. அந்தக் கப்பல்கள் 2030-களின் தொடக்கத்தில்தான் வரும். அதுவரை அந்தக் குடும்பங்களின் காத்திருப்பு, இருக்கும் நான்கு பழைய கப்பல்களைத் துறைத் தொழிலாளர்கள் எவ்வளவு விரைவாகச் சீராக்கித் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.